தண்ணீர் இல்லாத நாளில் பார்த்த வீடு

"அறுபத்திரண்டு பக்கம்ணா! ஒரு வீட்டப் பத்தி அறுபத்திரண்டு பக்கம் எழுதியிருக்கான். எல்லாம் பச்சை டிக்கு. இனிமே நான் நிம்மதியாத் தூங்குவேன்" என்று மஸ்கட்டிலிருந்து போனில் ஷோபா சிரித்தாள்.

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் தன் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்த சந்திரனுக்குச் சிரிப்பு வரவில்லை. "சரிம்மா" என்று மட்டும் சொன்னார். சனிக்கிழமையிலிருந்தே அவர் தொண்டையில் மீன்முள் மாதிரி ஒன்று குறுக்கே நின்றுகொண்டிருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

ஷோபா அவருடைய ஒரே தங்கை. பதினான்கு வருஷமாக மஸ்கட்டில் வீட்டோடு தங்கி, படுக்கையில் கிடக்கும் பணக்காரக் கிழவர்களைக் குளிப்பாட்டி, பீ மூத்திரம் அள்ளுகிற நர்சு வேலை. கட்டினவன் எப்போதோ விட்டுவிட்டுப் போய்விட்டான். பிள்ளை இல்லை. இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டது, இந்த வேலைக்கு இன்னும் இரண்டு வருஷம் தாங்கினால் பெரிசு என்று டாக்டர் சொன்ன பிறகுதான், சேர்த்ததை எல்லாம் போட்டு அத்திபெலேயில் ஒரு ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விடுவது என்று முடிவு கட்டினாள். வேலையை விட்டுவிட்டு வந்தால் அந்த வாடகைதான் அவளுக்குச் சோறு. லீவு கிடைக்கவில்லை. வாங்கப்போகிற வீட்டைப் போனில்தான் பார்த்தாள். வெள்ளிக்கிழமை பத்திரப் பதிவு. அவள் சார்பில் கையெழுத்துப் போடச் சந்திரன் பேருக்குப் பவர் எழுதி அனுப்பியிருந்தாள்.

முப்பத்தொரு வருஷமாகக் குழாய் வேலை பார்க்கிற அண்ணன் ஊரில் இருக்கும்போது, வீட்டைப் பார்க்க அவள் இன்டர்நெட்டில் ஒரு கம்பெனியைப் பிடித்தாள். "இன்ஜினியர் வந்து மிஷின் வெச்சிப் பாப்பாங்கண்ணா. நீ சும்மா கூட நின்னா போதும். நடுவுல எதனா பேசி என் மானத்த வாங்கிடாத" என்றாள். சந்திரனும் சும்மாதான் நின்றார். அதுதான் முள்.

சனிக்கிழமை நடந்தது இது. இன்ஜினியர் பேர் கிஷோர். சேலத்துக்காரன், இருபத்தேழு வயசு இருக்கும். தோளில் பை, கையில் பெரிய போன் மாதிரி ஒரு டேப், இடுப்பில் சிவப்பு வெளிச்சம் அடிக்கிற ஒரு கருவி. வீட்டை விற்றுக்கொடுக்கிற கன்னடக்காரப் புரோக்கர் ஹரிஷ்குமார் வாசலிலேயே எல்லாருக்கும் இளநீர் வெட்டிக் கொடுத்தான். மூன்றாவது மாடி, முந்நூற்றிரண்டாம் நம்பர் வீடு. உள்ளே போனதும் புது பெயிண்ட் வாசனை மூக்கைப் பிடித்தது. கிஷோர் சுவர் நீளத்தை அளந்தான், பிளக் ஓட்டைகளில் எதையோ செருகிப் பார்த்தான், கதவுகளைத் திறந்து மூடினான். பாத்ரூமுக்கு வந்ததும் சந்திரனின் கை தானாகக் குழாய்க்குப் போனது. பாதியில் திரும்பி வந்துவிட்டது.

அந்தக் கை அப்படிப் பழகின கை. இந்திரா நகரிலும் கோரமங்களாவிலும் பெரிய வீடுகளுக்கு வேலைக்குப் போகும்போது, "அம்மா, குழாய் திறக்கட்டுமா?" என்று கேட்காமல் அவர் எதையும் தொட்டதில்லை. கேட்காமல் தொட்டால், உடைந்தது எல்லாம் பிளம்பர் உடைத்ததாகிவிடும். வாஷ் பேசினில் பத்து வருஷத்துக்கு முன்னால் விழுந்த கீறலுக்குக்கூட அவர் திட்டு வாங்கியிருக்கிறார். தங்கை காசில் வாங்கப்போகிற வீட்டிலும் அவர் யாராவது உத்தரவு கொடுக்கட்டும் என்று நின்றார். யாரும் கொடுக்கவில்லை.

"இன்னைக்கு தண்ணி இல்லா சார். போர் மோட்டாரு ரிப்பேரு" என்றான் ஹரிஷ்குமார். "நாளைக்கு ரெடி ஆயிடும். ஏனு பிராப்ளம் இல்லா."

"அப்ப வாட்டர் செக்‌ஷன் என்.ஏ., நாட் அப்ளிகபிள்னு போட்டுடறேன்" என்று கிஷோர் டேப்பில் நாலு தட்டுத் தட்டினான். பிறகு அதைச் சந்திரன் பக்கம் நீட்டினான். "அங்கிள், இங்க ஒரு சைன்."

"இன்னாத்துக்கு சார்?"

"நீங்க கூட இருந்தீங்கன்னு. ஃபார்மாலிட்டி."

ஒரு கையில் இளநீரைப் பிடித்துக்கொண்டு, மறு கை விரலால் கண்ணாடி மேல் சந்திரன் தன் பேரைக் கிறுக்கினார். 'சார்' என்று சொல்லி இளநீர் கொடுத்தவர்கள் முன்னால், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க வாய் வரவில்லை.

ஷோபா போனை வைத்ததும் சந்திரன் மகளைக் கூப்பிட்டார். சிந்து பி.காம். படிக்கிறாள். "பாப்பா, அத்தை அனுப்பிச்சிருக்கற ரிப்போர்ட்ல பாத்ரூம் பத்தி இன்னா போட்டிருக்கான் பாரு."

சிந்து விரலால் தள்ளித் தள்ளித் தேடினாள். "டைல்ஸ் பத்தி ரெண்டு பக்கம் இருக்குப்பா. கலர் நல்லா இருக்காம்." இன்னும் தள்ளினாள். "இரு, நாப்பத்தொண்ணாம் பக்கத்துல சின்னதா இருக்குது. 'தண்ணீர் வசதி இல்லாத காரணத்தால் குழாய்கள், கழிவறை, வடிகால் சோதிக்கப்படவில்லை. வாங்குபவரின் பிரதிநிதி இதை அறிந்து சம்மதித்தார்.' கீழ உன் கையெழுத்துப்பா."

அடுப்பில் ரசம் தாளித்துக்கொண்டிருந்த அவர் மனைவி ரத்தினம்மாள் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். "நீயா சம்மதிச்ச?"

"விரல வெச்சேன்."

"விரல வெச்சானாம்! ஊர் பூரா குழாய் அடைப்பு எடுக்கற மனுஷன், சொந்தத் தங்கச்சி வூட்ல ஒரு குழாயத் தொறந்து பாக்கல! தண்ணி இல்லன்னா வர வரைக்கும் உக்காந்திருக்கணும். பாய் போட்டுப் படுத்திருக்கணும்!"

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

சந்திரன் அப்போதே ஷோபாவுக்குப் போன் போட்டுச் சொன்னார். "மோட்டார் ரிப்பேர்னுதானே சொன்னாங்க. எல்லா அபார்ட்மென்ட்லயும் ஆவறதுதானேண்ணா" என்றாள்.

"தரையில தண்ணியத் தேக்கி நிறுத்திப் பாக்காம பாத்ரூம நம்பக் கூடாதும்மா. நான் போயி ஒரு நாள்..."

"நீ போயி கலாட்டா பண்ணாத! ஓனருக்கு வேற பார்ட்டி ரெடியா இருக்காங்களாம், ஹரிஷ் சொல்லிட்டான். நீ பிளம்பர்ணா. அவங்க படிச்ச இன்ஜினியருங்க. அவங்களுக்குத் தெரியாதா?"

அறைந்தமாதிரி இருந்தது. அவள் அப்படி நினைத்துச் சொல்லவில்லை என்று தெரியும். ஆனால் நினைக்காமல் வருகிற சொல்தானே நிஜம். முழங்கை வரைக்கும் சாக்கடையில் விட்டு அவளை நர்சிங் படிக்க வைத்த கை இது. அந்தக் கைக்குத் தெரிந்தது கணக்கில் வராது. டேப்பில் தட்டின விரலுக்குத் தெரிந்ததுதான் கணக்கு.

ரத்தினம்மாள்தான் வழி கண்டுபிடித்தாள். மறுநாள் காலையில் ஹரிஷ்குமாருக்குப் போன் அடித்து, குரலில் தேனைத் தடவிக்கொண்டு பேசினாள். "தம்பி, வெள்ளிக்கிழமை பதிவாச்சே. அதுக்குள்ள சாமி மாடம் எந்த மூலைல வெக்கறது, பால் காய்ச்ச அடுப்பு எங்க வெக்கறதுன்னு ஒரு வாட்டி பாத்துட்டு வந்துடறோம்பா."

"அதுக்கேனம்மா? பன்னி, வாங்க வாங்க. சாவி வாட்ச்மேன் கிட்ட சொல்றேன்" என்றான். சாமி மூலை பார்க்க வருகிற பார்ட்டிக்கு எந்தப் புரோக்கரும் சாவி மறுக்க மாட்டான். மனசுக்குள் குடிவந்துவிட்டவர்களுக்குக் கண் தெரியாது என்பது அவன் தொழில் அனுபவம்.

புதன்கிழமை இரண்டு பஸ் மாறிப் போனார்கள். பங்குனி வெயில் ஓசூர் ரோட்டைப் போட்டு வறுத்துக்கொண்டிருந்தது. லாரிகளின் புகையில் பஸ் நின்று நின்று நகர்ந்தது. ரத்தினம்மாள் பையில் மேலாக ஒரு பால் பாக்கெட், குங்குமம், சித்ரான்ன டப்பா. அடியில் ஸ்பேனர், கந்தல் துணி, சிமெண்ட் மூட்டையிலிருந்து வெட்டின பிளாஸ்டிக் தாள், ஓட்டை அடைக்கிற எம்-சீல் பசை.

வாட்ச்மேன் பால் பாக்கெட்டைப் பார்த்ததும் சாவியைக் கொடுத்துவிட்டான். ரத்தினம்மாள் வீட்டைத் திறக்க, சந்திரன் நேராக மொட்டை மாடிக்கு ஏறினார். டேங்க் மூடியைத் தூக்கிப் பார்த்தார். விளிம்பு வரைக்கும் தண்ணீர். மோட்டாருக்கு ஒரு கேடும் இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் இறங்குகிற பைப்பில் ஒரு வால்வு வரிசையாக இருந்தது. முந்நூற்றிரண்டின் வால்வை இறுக்கி மூடி, யாரும் தெரியாமல் திறந்துவிடக்கூடாது என்று கைப்பிடியைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். கம்பி துருப்பிடித்திருந்தது. போன சனிக்கிழமை கட்டினது இல்லை. மாசக்கணக்காகிறது.

"தேவடியாப் பசங்க" என்று சந்திரன் வாய்விட்டே சொன்னார்.

ஆனால் வால்வை உடனே திறக்கவில்லை. இரண்டாவது மாடிக்கு இறங்கி, நேர் கீழ் வீட்டுக் கதவைத் தட்டினார்.

திறந்தவள் பாஞ்சாலி. கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரி, புருஷன் ஆட்டோ கம்பெனியில் ஷிப்டு. கூடத்தில் பலகை போட்டு ஊதுவத்தி உருட்டிக்கொண்டிருந்தாள். கை இரண்டும் கரிமாவில் கறுத்துப் போயிருந்தது. மேல் வீட்டைப் பார்க்க வந்தவர் என்றதும் சந்திரனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வாங்கப் போறீங்களா?"

"என் தங்கச்சி வாங்குது. பாத்ரூம் ஒழுவுதாம்மா?"

அவள் உள்ளே போய் பாத்ரூம் லைட்டைப் போட்டாள். மேலே ஸ்லாப் முழுக்கக் கறுப்பும் பச்சையுமாகப் பூசணம். ஒரு மூலையில் பூச்சு பெயர்ந்து கம்பி பல்லிளித்தது.

"தீபாவளி வரைக்கும் மேல ஆளுங்க இருந்தாங்கண்ணா. அவங்க குளிச்சா எங்களுக்கு மழை. கொடை புடிச்சிக்கினுதான் கக்கூஸ் போவோம், நெஜமா சொல்றேன். இவரு ஒரு வாட்டி ஹெல்மெட் மாட்டிக்கினு போனாரு." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்து, உடனே நின்றுவிட்டது. "ஈரத்துல ஊதுவத்தி காய மாட்டேங்குது. பூசணம் புடிச்சா காண்ட்ராக்டர் மொத்தக் கட்டையும் திருப்பி அனுப்பிடறான். சண்ட போட்டுப் போட்டு மேல இருந்தவங்க காலி பண்ணிக்கினு போயிட்டாங்க. அதுக்கப்புறம் தண்ணிய மூடிட்டாங்க. இப்ப அஞ்சு மாசமா கொஞ்சம் மூச்சு வுடறேன்."

"வீடு பாக்க வந்தவங்க யார்னா உங்கிட்ட கேட்டாங்களா?"

"காருல வராங்க, மேல போறாங்க, எறங்கிப் போறாங்க. ஒருத்தரும் இந்தக் கதவத் தட்டல. இன்னாத்துக்குத் தட்டணும்? நாங்க இன்னா இன்ஜினியரா?"

சந்திரன் கும்பிடாத குறையாகக் கேட்டார். "அம்மா, மேல தண்ணி நிறுத்திப் பாக்கணும். அப்பதான் என் தங்கச்சி நம்பும். உன் வூட்லதான் ஒழுவும். உன்னக் கேக்காம செய்ய மாட்டேன்."

பாஞ்சாலி உருட்டி வைத்திருந்த கட்டுகளைப் பார்த்தாள். பிறகு அவற்றை அள்ளி முன் ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வைத்தாள். "ஒரு நாளு தாங்குவேன். செய்ங்க."

சந்திரன் மறுபடி மொட்டை மாடிக்கு ஏறிக் கம்பியை அறுத்து வால்வைத் திறந்தார். பைப் இருமி, கக்கி, சிவப்பாகத் துப்பி, பிறகு தெளிந்து கொட்டியது. பாத்ரூம் தரைச் சல்லடையில் துணியை அடைத்து, மேலே பிளாஸ்டிக்கைப் போட்டு, ஓரமெல்லாம் எம்-சீலைத் தேய்த்தார். வாசலில் ஈரத்துணியை அணை கட்டினார். மூன்று விரல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. தண்ணீர் மட்டத்துக்குச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். அவ்வளவுதான் சோதனை. இதற்கு மிஷின் வேண்டாம், படிப்பு வேண்டாம். ஒரு கந்தல் துணியும் காத்திருக்கிற பொறுமையும் போதும். காத்திருப்பதற்குத்தான் யாரும் கூலி கொடுப்பதில்லை.

காத்திருந்தார்கள். பாஞ்சாலி வீட்டுக் கூடத்தில் மூன்று பேரும் உட்கார்ந்து சித்ரான்னத்தைப் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள். பாஞ்சாலி கை கழுவியும் கரி போகாத விரலால் ஊறுகாய் எடுத்து வைத்தாள். பன்னிரண்டரை வரைக்கும் ஒன்றும் இல்லை. ஒரு மணிக்குப் பூசணம் கொஞ்சம் பளபளத்தது. சந்திரனுக்கு ஒரு கணம் சந்தேகம் தட்டியது. ஒழுகாவிட்டால் தங்கை முகத்தில் எப்படி முழிப்பது என்று நினைத்தார். ஒழுகாமல் இருந்தால் நல்லதுதானே என்றும் நினைத்தார். மேலே போய்ப் பார்த்தபோது தண்ணீர் பென்சில் கோட்டுக்குக் கீழே ஒரு விரல் இறங்கியிருந்தது.

ஒன்றேகாலுக்கு முதல் சொட்டு விழுந்தது. பிறகு கம்பியோரமாக இன்னொன்று. கால்மணி நேரத்தில் நாலு இடத்தில் கொட்டியது.

ரத்தினம்மாள் வீடியோ கால் போட்டாள். "ஷோபா, டூட்டில இருக்கியா? இத ஒரு நிமிஷம் பாரும்மா."

"என்ன அண்ணி... இது எந்த வீடு?"

"உன் வூட்டுக்குக் கீழ் வூடு. இந்தத் தண்ணி உன் வூட்டுத் தண்ணி" என்று சந்திரன் போனை வாங்கி ஸ்லாப் பக்கம் காட்டினார். வால்வைப் பற்றி, கம்பியைப் பற்றி, மோட்டாரைப் பற்றிச் சொன்னார். "இரு, அந்தக் கிஷோரையும் கால்ல எடுக்கறேன்" என்றாள் ஷோபா.

கிஷோரின் குரல் வந்தது. "மேடம், பேஜ் ஃபார்ட்டி ஒன்ல கிளியரா மென்ஷன் பண்ணியிருக்கோம். டெஸ்ட் பண்ணலைன்னு. உங்க ரெப் சைன் பண்ணியிருக்கார். நாங்க பொய் எழுதல."

"பொய் எழுதல தம்பி" என்றார் சந்திரன். "நெஜத்தக் கொண்டுபோயி நாப்பத்தொண்ணாம் பக்கத்துல பொதைச்சிட்ட. முதல் பக்கத்துல பச்சை டிக்கு போட்ட. எம்மேலயும் தப்பு இருக்கு, நான் கைநாட்டு மாதிரி விரல் வெச்சேன். ஆனா நீ படிச்சவன். மேல டேங்க் வரைக்கும் இருவது படி. ஏறிப் பாத்தியா? கீழ ஒரு கதவு. தட்டினியா?"

"அது எங்க ஸ்கோப்ல வராது அங்கிள்."

"ஸ்கோப்பாம்!" என்றாள் பாஞ்சாலி. "எந்தலை மேல வந்து விழுது, அதுக்கு ஸ்கோப்பு தெரியுதா?"

கிஷோர் லைனைத் துண்டித்துவிட்டான்.

வாட்ச்மேன் சொல்லியிருக்க வேண்டும். மாடிப்படியில் செருப்பு தடதடக்க ஹரிஷ்குமார் வந்துவிட்டான். "ஏன்ரீ இது? சாமி மூலை பாக்கறேன்னு சொல்லிட்டு வால்வத் தெறந்துட்டீங்களா? யாரக் கேட்டு? ஓனருக்கு நான் ஏனு சொல்றது?"

"ஓனர்தானே வால்வுக்குக் கம்பி கட்டினாரு, அவருக்கே தெரியும்" என்றாள் ரத்தினம்மாள்.

"ஹரிஷ் சார்" என்று போனிலிருந்து ஷோபா கூப்பிட்டாள். சந்திரன் போனை அவன் முகத்துக்கு நேரே பிடித்தார். "என்னய அக்கா அக்கான்னு கூப்ட்டீங்க. தண்ணி இல்லன்னு சொன்னீங்க."

"அக்கா, சின்ன லீக்கேஜ் அக்கா. எல்லா பில்டிங்லயும் இருக்கும். ஒரு கோட்டிங் அடிச்சா..."

"பதினாலு வருஷமா படுக்கையில ஈரம் மாத்தறேன். ஈரத்தப் பத்தி எனக்குச் சொல்லாதீங்க. மேலாக்க விரிப்ப மாத்தினா அடியில காயாது. எனக்கு இந்த வீடு வேணாம்."

"அட்வான்ஸ் திரும்ப வராது அக்கா. அக்ரிமெண்ட்ல இருக்கு."

"வெச்சிக்கோங்க" என்றாள். எத்தனை மாசத்து ராத்திரிகள் அந்த அட்வான்ஸில் இருந்தன என்று சந்திரனுக்குத் தெரியும். "அண்ணா, அந்த ரிப்போர்ட்ட மூணு வாட்டி பாத்தேன். பச்சை கலர மட்டும்தான் பாத்திருக்கேன். நீ சொன்னப்போ உன்ன நம்பல."

"நானே அன்னிக்கி என்னய நம்பலம்மா. போயி டூட்டியப் பாரு."

போன் அணைந்தது. ஹரிஷ்குமார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தான். கோபம் வந்த வேகத்திலேயே இறங்கிவிட்டது. இந்தத் தொழிலில் ஒருத்தர் மேல் ரொம்ப நேரம் கோபமாக இருந்தால் கட்டுப்படியாகாது. சந்திரனின் பையைப் பார்த்தான், எம்-சீலைப் பார்த்தான்.

"நீங்க பிளம்பரா அண்ணா? முன்னயே சொல்லக்கூடாதா? ஒண்ணு பண்ணுங்க. டைல்ஸ் சந்துல மேலாக்க ஒரு கோட்டிங் அடிச்சுக் கொடுங்க. நாலு மாசம் நின்னா போதும். கூலி கேட்டத தரேன். அடுத்த பார்ட்டி சிங்கப்பூர்ல இருக்காரு. அவருக்கு உங்கள மாதிரி அண்ணன் யாரும் இங்க இல்ல."

சந்திரன் இந்த முப்பத்தொரு வருஷத்தில் அப்படிப் பூசிக்கொடுத்த வீடுகளும் இருந்தன. கேட்டவர்கள் கேட்டபடி செய்தார். வாங்க வருகிறவன் முகம் தெரியாது, அதனால் அது யாருக்கோ நடக்கிற காரியமாக இருந்தது. இப்போது அந்த வீடுகள் ஒவ்வொன்றிலும் ஷோபாவின் முகம் தெரிந்தது.

"செய்றேன்" என்றார். ரத்தினம்மாள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "டைல்ஸ் பேத்து, அடியில இருக்கற மண்ணு பூரா வாரிக் கொட்டி, பைப்பு ஜாயிண்ட் மாத்தி, ஏழு நாள் தண்ணி நிறுத்தி, கீழ இந்தம்மா காஞ்சிருக்குன்னு சொன்னா அதுக்கப்புறம் மூடறேன். அப்படின்னா கூப்புடு. மேல பூச வேற ஆளப் பாரு."

"அஷ்டெல்லா, அவ்ளோல்லாம் ஓனர் ஒத்துக்க மாட்டாரு" என்று ஹரிஷ்குமார் கையை உதறினான். "வேற ஆளு கிடைப்பாங்க."

கிடைப்பார்கள். அது சந்திரனுக்கும் தெரியும். மேலே போய் அடைப்பை எடுத்தார். தண்ணீர் சல்லடையில் சுழன்று இறங்கியது. அது இறங்க இறங்கக் கீழே பாஞ்சாலி வீட்டில் சொட்டு குறையும். இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும். காய்ந்த பிறகு இன்னொரு டேப் வரும், இன்னொரு பச்சை டிக். தரையைத் துடைத்துப் பிழிந்துவிட்டுக் கீழே இறங்கினார்.

இரண்டாவது மாடிப் படியில் வழி இல்லை. பாஞ்சாலி தன் பலகையைக் கொண்டுவந்து மேல் வீட்டுக்கு ஏறுகிற படி முனையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கரிமாவுத் தட்டு ஒரு பக்கம், குச்சிக்கட்டு ஒரு பக்கம். ஹரிஷ்குமார் எதிரே நின்றுகொண்டிருந்தான்.

"இது காமன் ஏரியாம்மா. இங்க உக்காந்து வியாபாரம் பண்ணக்கூடாது."

"காமன்னா எல்லாருக்கும்தானே? உள்ள ஈரம். உங்களாலதான் ஈரம். இங்க காத்து வருது" என்றாள் அவள், தலையைத் தூக்காமல், உருட்டுகிற கையை நிறுத்தாமல்.

"உங்க ஓனர்கிட்ட சொல்வேன். காலி பண்ண வெச்சிடுவேன்."

"சொல்லு. எங்க ஓனரு ரெண்டு வருஷமா அந்த ஸ்லாப்புக்கு யாரக் கேக்கறதுன்னு தெரியாம உங்க ஓனரத் தேடிக்கினு இருக்காரு. நம்பர் கொடுத்துட்டுப் போ."

ஹரிஷ்குமார் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனான்.

ரத்தினம்மாள் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். "பயமா இல்லியா உனக்கு? நெஜமாவே காலி பண்ணச் சொன்னா இன்னா பண்ணுவ?"

"பயமாத்தான்க்கா இருக்கு." ஒரு குச்சியை உருட்டி முடித்துத் தட்டில் வைத்தாள். "ஆனா இத்தினி நாளா உள்ள உக்காந்து எனக்குள்ளயே திட்டிக்கினு இருந்தேன். இனிமே மேல போறவன் எவனா இருந்தாலும் என்னத் தாண்டித்தானே போவணும். கேட்டா சொல்றேன்."

"கேக்கலன்னா?" என்றார் சந்திரன்.

"கேக்கலன்னாலும் சொல்லுவேன்" என்றாள் பாஞ்சாலி. அவர் இறங்குவதற்குத் தட்டைச் சற்று நகர்த்தி வழி விட்டாள்.